மை போடாத விரிப்பு

சலவைக் கடையில் எல்லாத் துணிக்கும் ஒரு மூலையில் மை இருக்கும். விடுதித் துணி என்றால் அறை எண், தெருக்காரர் துணி என்றால் வீட்டு எண், சாப்பாட்டுக் கடையின் மேசைத் துணி என்றால் ஒரு வட்டம். எத்தனை வெளுப்பு வெளுத்தாலும் போகாத மை. மை இல்லாத துணி ஒன்று கைக்கு வந்தால் அது எங்கிருந்து வந்தது என்று யாரையும் கேட்க வேண்டியதில்லை. கடைக்கு மேலே, மாடியில், சொந்த வீட்டுத் துணி அது.

அந்தத் திங்கட்கிழமை காலை கடைக்காரக் கிழவர் உதறிப் பிரித்த விரிப்பில் மை இல்லை. நடுவுக்குக் கொஞ்சம் கீழே ஒரு கறை இருந்தது. சட்டைப் பொத்தான் அகலம். தேயிலைத் தண்ணீர் சிந்தினால் வருகிற நிறம்.

தேயிலைத் தண்ணீர் இல்லை என்று அவருக்குத் தெரியும். நாற்பத்தொரு வருஷமாகக் கறை பார்க்கிற கண். தேயிலைக்கு ஓரம் அழுத்தமாக இருக்கும், நடு வெளிறிக் கிடக்கும். இதற்கு நடுதான் அழுத்தம். விரல் நுனியை நனைத்துத் தேய்த்து மூக்கருகே கொண்டுபோனார். ரத்தம். புது ரத்தம் இல்லை. உடம்புக்குள்ளேயே கொஞ்சம் தங்கிவிட்டு வெளியே வந்த பழைய ரத்தம்.

மருமகள் உண்டாகியிருந்தாள். பத்து நாளைக்கு முன்னால்தான் மருந்துக் கடை அட்டையில் இரண்டு கோடு விழுந்தது என்று மகன் மாடியிலிருந்து மூன்று மூன்று படியாகத் தாவி இறங்கி வந்து சொன்னான். கல்யாணமாகி இரண்டு வருஷம் கழித்து விழுந்த கோடு.

கிழவர் விரிப்பைக் கையில் பிடித்தபடி மாடிப்படியைப் பார்த்தார். பன்னிரண்டு படி. மேலே அவள் குளித்துக்கொண்டிருந்த சத்தம் கேட்டது. அவர் ஏறவில்லை. கறையைப் பச்சைத் தண்ணீரில் நனைத்தார். ரத்தத்துக்கு வெந்நீர் ஆகாது, சூடு பட்டால் நூலைப் பிடித்துக்கொண்டு விடாது. உப்பைத் தூவி, இரண்டு கட்டைவிரலாலும் கசக்கினார். ஐந்து நிமிஷத்தில் போன இடம் தெரியவில்லை. விரிப்பை மெஷினுக்குள் தள்ளிக் கதவைச் சாத்தினார்.

அவ்வளவுதான் அவர் செய்தது.

தெருவில் அவரை வெள்ளைக்காரர் என்பார்கள். துணியை அப்படி வெளுப்பார் என்பதற்காக வைத்த பெயர். ஆள் என்னவோ அடுப்புக்கரிதான். பள்ளிக்கூடம் நாலாம் வகுப்போடு சரி. எண் படிப்பார், எழுத்துக் கூட்டிக் கூட்டிப் படிப்பார், காகிதத்தில் எது எழுதியிருந்தாலும் அது தன்னை ஏமாற்றுவதற்குத்தான் எழுதியிருக்கிறது என்று நம்புவார். தண்ணீர் வரி கேட்டு வருகிறவன் முதல் ஓட்டுக் கேட்டு வருகிறவன் வரை எல்லாரையும் வாசலிலேயே நிறுத்துகிற ஆள். வாய் நீளம். ஆனால் கறையைப் பற்றி மட்டும் பேசமாட்டார்.

அதற்கு ஒரு காரணம் உண்டு. இருபத்திரண்டு வயதில், பழைய முதலாளியிடம் வேலை பார்த்தபோது, ஒரு வீட்டு மூட்டையில் இன்னொரு வீட்டு மை போட்ட ஆம்பளைச் சட்டை ஒன்று வந்தது. இவர் அதை டீக்கடையில் சிரிப்புக்குச் சொன்னார். "பன்னெண்டாம் நம்பர் வீட்டுக்கு நாப்பத்தேழாம் நம்பர் சட்டை விருந்துக்கு வந்திருக்குதுடோய்." அவ்வளவுதான் சொன்னார். மறுநாள் பன்னிரண்டாம் நம்பர் வீட்டுக்காரி முகம் வீங்கி, இரண்டு பிள்ளைகளை இழுத்துக்கொண்டு பஸ் ஏறினாள். அந்தச் சட்டையை அவள் தம்பி மழையில் நனைந்து வந்தபோது அந்த வீட்டில் இரவல் வாங்கிப் போட்டிருந்தான் என்று ஒரு மாதம் கழித்துத் தெரிந்தது. முதலாளி இவரை அடிக்கவில்லை, திட்டவில்லை. "துணி பேசுறது உனக்குத்தான் கேக்கும். நீ திரும்பப் பேசாத" என்றார். அன்றைக்கு மூடிய வாய்.

அதனால் பிறகு எத்தனையோ பார்த்தும் சொன்னதில்லை. யார் வீட்டில் குழந்தை இல்லாமல் போனது, யார் புருஷன் ரகசியமாகக் குடிக்கிறான், யாருக்கு ராத்திரி வேர்த்துக் கொட்டுகிறது, எல்லாம் தெரியும். பார்த்தார், வெளுத்தார், மடித்துக் கொடுத்தார். ஊரே அவரை நம்பியது அதற்காகத்தான். ஊரார் துணிக்கு வைத்த சட்டத்தைச் சொந்த வீட்டுத் துணிக்கும் வைத்துவிட்டார். அதைத்தான் இப்போது நினைத்து நினைத்து மாய்கிறார்.

கறை அன்றைக்குத்தான் முதலில் வந்தது என்றும் சொல்ல முடியாது. அதற்கு எட்டு மாதம் முன்பே மருமகளின் உள்பாவாடைகள் வேறு மாதிரி வரத் தொடங்கியிருந்தன. மஞ்சளும் பச்சையும் கலந்த திட்டு, காய்ந்து மொடமொடவென்று நிற்கும், நாற்றமும் இருந்தது. அவர் சலவைச் சோடாவை இரண்டு மடங்காக்கினார். ஒரு அலசலுக்கு இரண்டு அலசல். பெண்கள் சமாச்சாரம், நமக்கென்ன என்று விட்டார்.

அவள் அப்போதே மகனிடம் கேட்டாள். கடையில் துணி எண்ணி ரசீது எழுதுகிற வேலை அவளுடையது. நாற்காலியில் உட்கார முடியாமல் நெளிந்துகொண்டே, "என்னங்க, ஒரே எரிச்சல். ஒண்ணுக்குப் போனாலே உசிர் போவுது. ராத்திரி காய்ச்சல் வேற. ஒரு லேடி டாக்டரைப் பாத்துட்டு வந்துடலாமா?" என்று மெதுவாகத்தான் சொன்னாள். கிழவர் காதில் விழுந்தது. காது கூர்மை.

"டாக்டரா?" என்று அங்கிருந்தே கத்தினார். "போங்க போங்க. கத்தியைத் தீட்டி வெச்சுக்கிட்டு உக்காந்திருக்கான். தலைவலின்னு போனா காலை எடுப்பான். ஆஸ்பத்திரித் துணி ஆறு வருசம் தொவைச்சவன்டா நான். அதுல என்னென்ன வந்துச்சுன்னு எனக்குத் தெரியும்."

ஆறு வருஷம் ஒரு ஆஸ்பத்திரிக்குத் துவைத்தது உண்மை. ஆஸ்பத்திரியில் பிழைத்துப் போனவன் துணியும் அதே மூட்டையில்தான் வந்தது என்பது அவருக்குத் தோன்றியதில்லை. போதாததற்கு அவருடைய பெண்டாட்டி அதே ஆஸ்பத்திரிக்குத் தன் காலால் நடந்து போனாள், நாலு பேர் தூக்கித்தான் வெளியே வந்தாள். என்ன நோய் என்று ஒரு காகிதம் கொடுத்தார்கள். அவர் அதைப் படிக்கச் சொல்லி யாரிடமும் கொடுக்கவில்லை. மடித்து அலமாரியில் வைத்தார்.

இஸ்திரி போடுகிற அக்காள் ஒருத்தி அந்தக் கடையில் இருந்தாள். ஐம்பது வயது, புருஷன் இல்லை, பயமும் இல்லை. அவள்தான் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டுச் சொன்னாள்: "ஏண்ணே, துணிக்கு ஒரு நோவுன்னா அலமாரியில ஏழு பாட்டில் மருந்து வெச்சிருக்கீங்க. மனுசிக்கு வந்தா மட்டும் ஒண்ணும் இல்லையா?"

"நீ காலரைப் பாரு. தீயுது."

"காலரு தீஞ்சா வேற சட்டை வாங்கலாம்ணே" என்றாள் அவள், ஆனால் காலரைப் பார்த்தாள்.

மகன் நல்லவன்தான். அப்பா பேச்சுக்கு எதிர்ப்பேச்சு பேசிப் பழகாதவன். வேன் ஓட்டிக்கொண்டு போகிற வழியில் மருந்துக் கடையில் இறங்கி, வாயால் சொல்லவும் வெட்கப்பட்டு, "வீட்ல அவளுக்கு அரிப்பு" என்று மட்டும் சொல்லி ஒரு களிம்பும் நாலு மாத்திரையும் வாங்கி வந்தான். இரண்டு வாரத்தில் அடங்கின மாதிரி இருந்தது. உள்பாவாடை வெள்ளையாக வந்தது. பார்த்தாயா, டாக்டருக்குக் கொட்டியழ இருந்தோமே என்று கிழவர் மனசுக்குள் மார்தட்டிக்கொண்டார். அப்புறமும் அவள் அடிக்கடி அடிவயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றதை அவர் கவனிக்கவில்லை. துணியில் வராத எதையும் அவர் கவனித்ததில்லை.

திங்கட்கிழமைக்குப் பிறகு புதன்கிழமை ஒரு விரிப்பு வந்தது. கறை இப்போது உள்ளங்கை அகலம், ஓரத்தில் சிவப்பு. அவர் பச்சைத் தண்ணீரைப் பிடித்தார். உப்புப் போட்டார். அன்றைக்கு மருமகள் ரசீதுப் புத்தகத்தை முன்னால் வைத்துக்கொண்டு வலது பக்க அடிவயிற்றை மேசை விளிம்பில் அழுத்திக்கொண்டிருந்தாள்.

"என்னடி, பக்கவாட்டுல சாஞ்சு உக்காந்திருக்க?" என்று இஸ்திரியக்காள் கேட்டாள்.

"வாயுக்கா. ஒரு பக்கமா பிடிச்சிருக்கு."

"தோளை ஏன் நீவுற?"

"மூட்டை தூக்கினது. நேத்துலருந்து தோள்பட்டை நுனியில குத்துது."

"உண்டாயிருக்கறவ மூட்டை தூக்குவியா? அறிவிருக்கா? ஏண்ணே, பாத்துக்கிட்டு இருக்கீங்களே!"

கிழவர் தலையைத் தூக்கினார். மருமகளும் அவரைப் பார்த்தாள். அந்தப் பார்வை ஒரு கேள்வி மாதிரி கொஞ்ச நேரம் அங்கேயே நின்றது. இரண்டு விரிப்பும் யார் கையில் போகும் என்று தெரிந்துதானே கூடையில் போட்டாள். கிழவருக்கு அது புரியவில்லை. புரிந்தாலும் வெட்கம் விட்டிருக்காது. மாமனார் மருமகளிடம் கேட்கிற கேள்வியா அது? "இனிமே மூட்டையைத் தொடாதம்மா. நம்ம பையன் தூக்குவான்" என்றார். பெரிய மனசு பண்ணிவிட்டதாக நினைப்பு. அவள் தலையை ஆட்டிவிட்டு ரசீது எழுதக் குனிந்தாள்.

வெள்ளிக்கிழமை மூன்றாவது விரிப்பு. அதை அவர் நாலு தண்ணீர் மாற்றி அலசினார். மகன் சாயங்காலம் வரட்டும், எப்படியாவது ஜாடையாகச் சொல்லிவிடுவது என்று முடிவு பண்ணினார். சாயங்காலத்துக்கு இன்னும் ஆறு மணி நேரம் இருந்தது.

பகல் பதினோரு மணி இருக்கும். ஒரு வாடிக்கைக்காரர் வெளுக்கக் கொடுத்த கோட்டை வாங்க வந்து நின்றார். மருமகள் எழுந்து கொக்கியிலிருந்து கோட்டை எடுத்தாள். எடுத்தவள் அதை நீட்டவில்லை. முகத்தில் ரத்தமே இல்லை, வெளுத்த துணி மாதிரி ஆகிவிட்டது. "அக்கா, கண்ணு இருட்டுது" என்றாள். கோட்டோடு சேர்ந்து அப்படியே மடிந்து தரையில் உட்கார்ந்து, பிறகு சாய்ந்தாள்.

இஸ்திரியக்காள் மேசையைச் சுற்றி ஓடிவந்தாள். கன்னத்தைத் தட்டினாள். உடம்பு சில்லிட்டு வேர்த்திருந்தது. வயிற்றைத் தொட்டதும் அந்த மயக்கத்திலும் மருமகள் முனகினாள். வயிறு பலகை மாதிரி விறைத்திருந்தது.

"அண்ணே! வண்டி! வண்டி புடிங்க!"

கிழவருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. மகன் வேனோடு ஊருக்கு அந்தப் பக்கம் இருந்தான். "கொஞ்சம் தண்ணி தெளிச்சுப் பாரு, மயக்கந்தானே..." என்று இழுத்தார்.

"தண்ணி தெளிக்கிற மயக்கமா இது? வாயை மூடிட்டு காலைப் புடிங்க!"

சொந்தக் கடை வைத்த பிறகு அவரை வாயை மூடச் சொன்னவள் அவள் ஒருத்திதான். கோட்டுக்காரர் தம் காரைத் திறந்தார். நல்ல மனிதர், பின் இருக்கையைப் பற்றிக் கவலைப்படவில்லை. பழைய ஆஸ்பத்திரியேதான். வேறு எங்கே போவது? அந்த வாசலில் இனி காலை வைப்பதில்லை என்று பதினாறு வருஷத்துக்கு முன் பெண்டாட்டி போன அன்றைக்குச் சொன்னவர், மருமகளின் இரண்டு காலையும் மார்போடு அணைத்துத் தூக்கிக்கொண்டு அதே வாசலில் ஓடினார்.

உள்ளே ஒரு டாக்டரம்மா வந்தாள். அவர் மகன் வயதுதான் இருக்கும். நாடியைப் பிடித்தாள், கண்ணிமையை இழுத்துப் பார்த்தாள், கை ஊசிக்கு ஒருத்தி, ஸ்கேனுக்கு ஒருத்தி என்று ஆளை விரட்டினாள். மருமகளுக்கு நினைவு வந்து வந்து போனது.

"எத்தனை மாசம்?"

"நாள் தள்ளி மூணு வாரம்..." என்றாள் இஸ்திரியக்காள்.

"ரத்தம் படுதா? எத்தனை நாளா?"

"அப்பிடி ஒண்ணும் சொல்லலையேம்மா. வாயுன்னுதான் சொன்னா."

மருமகள் உதட்டை அசைத்தாள். சத்தம் வரவில்லை. டாக்டரம்மா குனிந்து, "எத்தனை நாளாம்மா? கொஞ்சமா, நிறையவா? எந்த நிறம்?" என்று கேட்டாள். 

அப்போது கிழவர் பேசினார்.

"அஞ்சு நாளு" என்றார். "திங்கக்கிழம மொதல்ல. ஒரு பொத்தான் அளவு, தேயிலைத் தண்ணி நிறம். அது பழைய ரத்தம். புதன்கிழம உள்ளங்கை அளவு, ஓரத்துல செவப்பு. இன்னிக்குக் காலைல வந்தது புது ரத்தம். கட்டி இல்ல."

டாக்டரம்மா நிமிர்ந்தாள். வீட்டு ஆம்பளைகளிடம் இப்படிப் பதில் வாங்கிப் பழக்கமில்லை அவளுக்கு. "உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"நான்தாம்மா தொவைச்சேன்."

"பாத்தீங்களா? பாத்துட்டுமா வீட்ல வெச்சிருந்தீங்க?"

தள்ளுகட்டிலில் மருமகள் கண்ணைத் திறந்திருந்தாள். அவர் சொன்னது அத்தனையும் அவள் காதில் விழுந்தது. அவள் அவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். கோபமில்லை. கோபமிருந்தால் தேவலை. பிறகு கட்டிலைத் தள்ளிக்கொண்டு போனார்கள்.

மகன் வேனை எங்கோ குறுக்கே விட்டுவிட்டு வந்து சேர்ந்தபோது அறுவை அறையின் கதவு மூடியிருந்தது. ஒரு காகிதம் நீட்டினார்கள். மகன் கையெழுத்துப் போடுவதற்கு முன் பழக்கத்தால் அப்பாவைப் பார்த்தான். "போடுடா" என்றார் கிழவர். "என்னை என்னத்துக்குப் பாக்குற? போடு."

இரண்டு மணி நேரம் கழித்து டாக்டரம்மா வெளியே வந்தாள். உயிருக்குப் பயமில்லை என்றாள். மகன் சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தான். அவள் நின்றபடியே சொன்னாள், குத்தலாக இல்லை, சுற்றி வளைக்கவும் இல்லை.

"கரு கர்ப்பப்பையில தங்கலை. வலது பக்கக் கருக்குழாய்லயே தங்கி வளந்திருக்கு. குழாய் வெடிச்சு வயித்துக்குள்ள ரத்தம் கொட்டியிருக்கு. தோள் வலின்னு கூட வந்தவங்க சொன்னாங்களே, அது உள்ள கொட்டின ரத்தம் பண்ற வலி. வெளிய கொஞ்சம்தான் தெரியும், உள்ளதான் ஆபத்து. அந்தக் குழாயை எடுத்துட்டோம்."

"முன்னாடியே வந்திருந்தா?" என்று மகன் கேட்டான். கேட்டிருக்க வேண்டாம்.

"குழந்தை எப்படியும் தங்கியிருக்காது. ஆனா திங்கக்கிழமையே வந்திருந்தா, நிலைமையைப் பாத்து, ஒருவேளை ஊசியிலயே முடிச்சிருக்கலாம். இவ்வளவு தூரம் வந்திருக்காது." கையிலிருந்த காகிதத்தைப் புரட்டினாள். "உள்ள ரெண்டு குழாயிலயும் பழைய தழும்பு இருக்கு. ஏற்கெனவே இன்ஃபெக்‌ஷன் ஏதாவது வந்துச்சா? வெள்ளை படறது, நாத்தம், எரிச்சல், காய்ச்சல்?"

மகன் தரையைப் பார்த்தான். "எட்டு மாசத்துக்கு முன்னாடி... களிம்பு வாங்கிக் குடுத்தேன்."

"மஞ்சளும் பச்சையும்" என்றார் கிழவர். "மூணு வாரம் வந்துச்சு. நான் சோடாவை ஏத்திப் போட்டேன்."

டாக்டரம்மா அவர் பக்கம் திரும்பினாள். "பெரியவரே, நீங்க என்கிட்ட வந்து இதையே அப்பச் சொல்லியிருந்தா, பாதி வேலை எனக்கு மிச்சம். புருஷன் பொண்டாட்டி ரெண்டு பேரையும் பாத்து மருந்து குடுத்திருப்பேன். களிம்பு மேலதான் ஆத்தும். உள்ள அது பாட்டுக்கு ஏறிப் போயிருக்கு. அதுலதான் குழாய் கெட்டிருக்கணும்." போகிறபோது திரும்பி மகனிடம் சொன்னாள்: "இன்னொரு குழாய் இருக்கு. அதனால மனசு விட்டுடாதீங்க. ஆனா அடுத்த தடவை நாள் தள்ளின உடனே வந்துடணும். எங்க தங்கியிருக்குன்னு பாத்துடணும். வலி, ரத்தம், மயக்கம், எது வந்தாலும் விடியட்டும்னு காத்திருக்கக் கூடாது."

கிழவர் வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு டாக்டர் சொன்னது அத்தனையும் அவர் மனசில் அப்படியே பதிந்தது. மறக்கலாம் என்றாலும் முடியவில்லை. அன்றைக்கு வீட்டுக்கு வந்து அலமாரியைத் திறந்து பெண்டாட்டியின் காகிதத்தை எடுத்தார். மடிப்பில் கிழிந்திருந்தது. இஸ்திரியக்காளிடம் நீட்டி, "உனக்குப் படிக்க வருமா?" என்றார்.

அவள் வாங்கிப் பார்த்தாள். "கர்ப்பப்பைல புத்துநோய்னு போட்டிருக்குண்ணே. முத்தின பெறகு வந்திருக்காங்கன்னு எழுதியிருக்கு." காகிதத்தைத் திருப்பிக் கொடுத்தாள். "அண்ணியோட துணியையும் நீங்கதானே தொவைச்சீங்க?"

அவர் காகிதத்தைப் பழைய மடிப்பிலேயே மடித்து அலமாரியில் வைத்தார்.

ஆறாம் நாள் மருமகள் வீட்டுக்கு வந்தாள். பன்னிரண்டு படியையும் மகன் தோளைப் பிடித்து ஏறினாள். மூன்று வாரம் கழித்துக் கடைக்கு இறங்கி நாற்காலியில் உட்கார்ந்தாள். ரசீது எழுதினாள். "மாமா, டீ" என்று முன்போலவே டம்ளரை வைத்தாள். எதுவும் மாறவில்லை என்று வெளியாள் நினைப்பான். ஆனால் வீட்டுக் கூடையில் அவள் துணி வருவது நின்றுபோயிற்று. விரிப்பு, உள்பாவாடை, தலையணை உறை, ஒன்றும் இல்லை. எல்லாவற்றையும் அவளே மாடியில் ஒரு வாளியில் துவைத்து, பின்பக்கம் தனியாக ஒரு கொடி கட்டி உலர்த்தினாள். கீழே மூன்று மெஷின் ஓடுகிற வீட்டில், வயிற்றில் தையல் போட்டவள் கையால் துவைத்தாள்.

ஒரு நாள் கிழவருக்குத் தாங்கவில்லை. "கூடையில போடும்மா. மெஷின்ல போட்டுடறேன். கையில எதுக்கு..."

"பரவால்ல மாமா."

"ஏம்மா, என் மேல..."

அவள் பேனாவை மூடி வைத்தாள். "கோவம் எல்லாம் இல்ல மாமா. வெக்கத்தை விட்டுச் சொல்றேன். எனக்கும் முதல் நாளே பயமா இருந்துச்சு. உங்க பையன் சந்தோசமா இருக்காரே, சொல்லிக் கெடுப்பானேன்னு இருந்தேன். ஆனா விரிப்பைக் கூடையில போட்டேன். ஊர்ல இருக்கற கறையெல்லாம் தெரிஞ்சவரு பாக்கப் போறாரு, வேண்டாத கறைன்னா ஒரு வார்த்தை கேப்பாருன்னு. நீங்க வெளுத்து, மடிச்சு, படியில வெச்சுட்டுப் போனீங்க. சரி, சாதாரணம்தான் போலருக்குன்னு நெனச்சுக்கிட்டேன். மறுபடியும் போட்டேன். மறுபடியும் மடிச்சு வெச்சீங்க."

ஒரு வாடிக்கைக்காரர் உள்ளே வந்தார். மருமகள் பேனாவைத் திறந்து, "எத்தனை உருப்படி?" என்று அவரிடம் கேட்டாள்.

மகன் ஒரு சொல்கூடக் குத்திக் காட்டவில்லை. வேனுக்கு டயர் மாற்ற வேண்டும், சாப்பாட்டுக் கடை மூட்டை நாளைக்கு, இப்படிக் கடைப்பேச்சு மட்டும் பேசினான். முன்பெல்லாம் அப்பா சொன்னால் சரி என்பான். இப்போது கேட்பதே இல்லை.

இரண்டு மாதம் போயிருக்கும். பெண்கள் விடுதி மூட்டை வந்தது. கிழவர் பிரித்துப் போட்டார். பதினாலு என்று மை போட்ட விரிப்பு ஒன்றில் தேயிலை நிறக் கறை. அதே மூட்டையில் அதே பதினாலு எண்ணில் இன்னொரு விரிப்பு. அதில் சிவப்பு, உள்ளங்கை அகலம்.

கை பச்சைத் தண்ணீர்க் குழாய்க்குப் போனது. குழாயைத் திறந்தார். மூடினார். மறுபடி திறந்தார்.

பிறகு கையைத் துடைத்துக்கொண்டு, செருப்பைப் போட்டுக்கொண்டு, யாரிடமும் சொல்லாமல் நடந்தார்.

விடுதி வார்டன் இடுப்பில் சாவிக்கொத்து தொங்குகிற ஒரு பெரிய அம்மாள். "என்ன பெரியவரே, துணி அதுக்குள்ள ரெடியா?"

"இல்லம்மா. அது வந்து... பதினாலாம் நம்பர் ரூம்ல இருக்கற பொண்ணு... நல்லா இருக்குதா?"

"என்னது?"

"உடம்பு கிடம்பு நல்லா இருக்குதான்னு. வயித்து வலி, மயக்கம், அந்த மாதிரி ஏதாவது..."

அம்மாளின் புருவம் ஏறியது. "உங்களுக்கு எதுக்குய்யா பொம்பளப்பிள்ளைங்க ரூம் நம்பர்? இந்த வயசுல இது என்ன பேச்சு? துணி எடுக்க உங்க பையன்தானே வருவாரு? நீங்க இனிமே இந்தப் பக்கம் வராதீங்க."

இரண்டு பெண்கள் மாடி வராந்தாவிலிருந்து எட்டிப் பார்த்துச் சிரித்தார்கள். கிழவருக்கு உடம்பெல்லாம் கூசியது. இளவட்ட வயதில்கூட யாரும் அவரை இப்படிப் பேசியதில்லை. தலையைக் குனிந்துகொண்டு கடைக்கு வந்தார்.

இஸ்திரியக்காள், "எங்கண்ணே போயிட்டீங்க? மெஷின் நின்னு கூவிக்கிட்டே இருக்குது" என்றாள். கிழவர் நேராக மருமகளின் மேசைக்குப் போனார். இரண்டு விரிப்பையும் அவள் முன்னால் வைத்தார்.

"பதினாலாம் நம்பர்" என்றார். "எனக்குத் தெரியலம்மா. மாசாமாசம் வர்றதாவும் இருக்கலாம். வேற மாதிரியும் இருக்கலாம். எனக்குத் தெரியல. கேக்கப் போனேன், வெரட்டி விட்டுட்டாங்க."

கறையைப் பார்த்து அவர் தெரியலை என்று சொன்னதை இஸ்திரியக்காள் அன்றைக்குத்தான் கேட்டாள். இஸ்திரிப் பெட்டியைக் கீழே வைத்துவிட்டாள்.

மருமகள் விரிப்பைப் பிரித்துப் பார்த்தாள். பார்க்கும்போது அவள் இடது கை தானாக வயிற்றுப் பக்கம் போயிற்று. மடித்துப் பையில் போட்டுக்கொண்டாள். "அக்கா, ரசீதைக் கொஞ்சம் பாத்துக்கங்க" என்று சொல்லிவிட்டு வெளியே போனாள்.

ஒரு மணி நேரம் ஆயிற்று. கிழவர் உட்காரவில்லை, வேலையும் செய்யவில்லை. வாசலுக்கும் தொட்டிக்கும் நடந்தார்.

அவள் வந்து பையை மேசையில் வைத்தாள். "பாத்தேன் மாமா. நல்லா இருக்கா. ஊருக்குப் போயிட்டு ரெண்டு நாள் பஸ்ல வந்திருக்கா, நாள் முன்னாடியே வந்துடுச்சு. வலி இல்ல, மயக்கம் இல்ல, கல்யாணமும் இல்ல. ஒரே சிரிப்பு. சாதாரணம்தான்."

"சாதாரணந்தானா?" என்றார் கிழவர்.

"சாதாரணம்தான்."

சாயங்காலம் மகன் கோபத்தோடு வந்தான். வார்டன் அம்மாள் வழியில் நிறுத்திக் கத்தியிருக்கிறாள், அடுத்த மாதத்திலிருந்து துணி வேறு கடைக்கு என்று. "அப்பா, உங்களுக்கு என்ன ஆச்சு? அந்த ரூம்ல யாரு இருந்தா உங்களுக்கென்ன?"

கிழவர் வாயைத் திறப்பதற்குள் மருமகள் சொன்னாள். "நான்தான் போய்க் கேக்கச் சொன்னேன்." ரசீதுப் புத்தகத்திலிருந்து தலையைத் தூக்கவில்லை. மகன் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு மாடிக்குப் போனான்.

கிழவர் தொட்டியில் பதினாலாம் நம்பர் விரிப்பைக் கசக்கிக்கொண்டிருந்தார். அவள் கடையைப் பூட்டுகிறபோது அருகில் வந்து நின்றாள்.

"இன்னிக்குக் கேட்ட மாதிரி" என்றாள், "அன்னிக்கும் ஒரு தடவை கேட்டிருக்கலாம் மாமா."

அவள் படியேறிப் போனாள். அவர் குழாயை மூடினார். விரிப்பு வெள்ளையாகிவிட்டது, பதினாலு என்ற மை மட்டும் மூலையில் இருந்தது. வீட்டுக் கூடையைக் கவிழ்த்தார். அவர் வேட்டி ஒன்று, மகன் சட்டை மூன்று, துண்டு இரண்டு. அடியில் கையை விட்டுத் துழாவினார். அவ்வளவுதான். பின்பக்கத்தில், அவள் தனியாகக் கட்டியிருந்த கொடியிலிருந்து தண்ணீர் சொட்டுகிற சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.